நேரம் தவறாத தவளை

ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டு, ஜெயசீலன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் செருப்பிலிருந்த சேறு எங்கள் அறை வாசலில் தடம் தடமாகப் பதிந்திருந்தது. சட்டை பாதி நனைந்திருந்தது. தலையைத் துவட்டக்கூட அவருக்குப் பொறுமை இல்லை.

ஐப்பசி மழை முதன்முதலாகக் கொட்டித் தீர்த்த மறுநாள் காலை அது. மயிலாப்பூரிலிருந்து நான் ஏறிய ஷேர் ஆட்டோ அடையாறு பாலத்தில் ஊர்ந்து ஊர்ந்து வந்ததால் எனக்கு ஏற்கெனவே எரிச்சல். காபி வேறு இன்னும் குடிக்கவில்லை.

முதலில் வெறும் தண்ணீர்ச் சத்தம்தான் கேட்டது. அப்புறம் தவளைகளின் கூச்சல். அந்தக் கூச்சலுக்கு நடுவே, மெல்லிய விசில் மாதிரி ஒரு குரல். ப்பீ. கொஞ்சம் இடைவெளி. மறுபடியும், ப்பீ.

"கேக்குதா மேடம்?"

கேட்கிறது என்றேன்.

"இத்தினி வருஷமா தவளையோடதான் குடும்பம் நடத்திக்கினு கீறேன். இந்தக் குரலை நான் கேட்டதே இல்ல. நம்ம குளத்துல புதுசா ஒன்னு கீது மேடம்."

ஜெயசீலன் விலங்கியல் பேராசிரியர். வகுப்பில் அவர் பேசும் தமிழைக் கேட்டால் வானொலிச் செய்தி மாதிரி இருக்கும். சந்தோஷம் வந்துவிட்டால் மட்டும் அவர் பிறந்து வளர்ந்த ஆற்றோரக் குடிசைக்கே திரும்பிவிடுவார். ஆற்றங்கரையை விட்டு அவர்கள் குடும்பத்தைப் பெருங்குடிக்கும் அப்பால் கொண்டுபோய்க் குடிவைத்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அந்தப் பேச்சு மட்டும் குடிபெயரவில்லை. "படிச்சு படிச்சு கடைசில தவளை புடிக்கவாடா போன" என்று அவருடைய அம்மா இன்னமும் கேட்பதாகச் சொல்வார், பெருமையோடு.

நான் மறுபடியும் கேட்டேன். ப்பீ. இடைவெளி. ப்பீ.

"ரொம்ப ஒழுங்காக் கத்துதே" என்றேன்.

"எங்காளு பங்ச்சுவல் மேடம்" என்றார்.

வேண்டாத நாற்காலிகள்

இந்த இடத்தில் எங்கள் மையத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஒருநாள் துணைவேந்தர் அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. பல துறைகள் சேர்ந்து ஆய்வு செய்யும் மையம் ஒன்று தொடங்கப்படுகிறது, ஒவ்வொரு துறையும் தன்னால் இயன்றதை வழங்க வேண்டும் என்று. துறைகள் தாராளமாக வழங்கின. விலங்கியல் துறை, சாவி தொலைந்துபோன பீரோவைக் கொடுத்தது. சிவில் துறையிலிருந்து ஒரு கால் குட்டையான மேஜை வந்தது. சமூகவியல் துறையோ உட்கார்ந்தால் சாயும் நாற்காலிகளை அனுப்பிவைத்தது. கூடவே ஆளுக்கொரு பேராசிரியரையும் அனுப்பினார்கள். எங்களையும் அந்த நாற்காலிகள் கணக்கில்தான் சேர்த்தார்கள் என்பது என் பலத்த சந்தேகம்.

என்னை அனுப்பியது புள்ளியியல் துறை. போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேனே, அங்கே என் பக்கத்து மின்விசிறி மட்டும்தான் நாள் முழுக்க என்னோடு பேசும் என்று. படித்துவிட்டு ஒரு வாசகி, ஏன் அவ்வளவு வருஷம் அங்கேயே இருந்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். வேறெங்கே போவதம்மா? புள்ளியியல்காரியை யாரும் கதை பேசக் கூப்பிடுவதில்லை. கணக்கு உதைக்கும்போதுதான் தேடி வருவார்கள்.

மையத்துக்குக் கிடைத்தது, விடைத்தாள் கட்டுகளைப் போட்டு வைத்திருந்த ஒரு நீள அறை. நாலு பெரிய ஜன்னல்கள். ஜன்னலுக்கு வெளியே நாணல் மண்டிய ஒரு குளம். கதவைத் திறந்த முதல் நாள் பழைய காகித வாசனையும் குளத்துப் பாசி வாசனையும் சேர்ந்து வந்தது. எனக்கு அந்த அறையை அப்போதே பிடித்துவிட்டது.

புதன்கிழமைச் சட்டம்

நாங்கள் நாலு பேர். நானும் ஜெயசீலனும் போக, கோமதி, பர்வீன்.

கோமதி சிவில் துறை. மழைத் தண்ணீர் எங்கே விழுந்து எங்கே போகிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. எங்கள் மயிலாப்பூர்க்காரிதான், மாட வீதியில் வீடு. நடக்கும்போது தன்னையறியாமல் ராகம் முனகுவாள்.

பர்வீன் சமூகவியல். திருவல்லிக்கேணி. ஒரு இடத்திலிருந்து பெயர்த்து வேறிடத்தில் குடிவைக்கப்பட்ட குடும்பங்களைப் பற்றி ஆராய்பவள். பக்கத்து வீட்டுக்குப் புதிதாக ஒருவர் வந்தால் பழையவர்கள் எப்படி மாறுகிறார்கள் என்பதுதான் அவளுடைய கேள்வி. எதைப் பேசினாலும் அங்கேதான் வந்து நிற்பாள்.

ஆரம்ப மாதங்களில் ஒருவருக்கும் மற்றவர் பேசுவது புரியவில்லை. ஜெயசீலன் லத்தீன் பெயராக அடுக்குவார். கோமதி வாய் திறந்தால் கன அடி. நான் பேச ஆரம்பித்ததும் மூன்று பேரும் மரியாதையாகக் கொட்டாவியை அடக்குவார்கள். பர்வீன்தான் ஒரு சட்டம் போட்டாள். புதன்கிழமை நாலு மணிக்கு எல்லாரும் காபிக்கு உட்கார வேண்டும். யாரும் தன் வேலையைப் பற்றிப் பேசக் கூடாது. இன்னொருவர் அந்த வாரம் என்ன செய்தார் என்று சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் காபி டம்ளர்களை அவர்தான் கழுவ வேண்டும்.

முதல் மாதம் முழுக்க நான்தான் கழுவினேன்.

ஆனால் அந்தச் சட்டம் எங்களை மாற்றியது. கோமதியின் வேலையைச் சொல்ல வேண்டுமே என்று ஜெயசீலன் அவளோடு வாய்க்கால் வாய்க்காலாக நடந்தார். பர்வீனின் வேலையைச் சொல்வதற்காக நான் கொளுத்தும் வெயிலில் அவளோடு படியேறிப் பல வீடுகளில் மோர் குடித்தேன். பர்வீன் திருவல்லிக்கேணியிலிருந்து வெங்காய சமோசா கொண்டுவருவாள். ஏகாதசி தவிர மற்ற நாட்களில் கோமதி அதைத் தொட்டுப் பார்க்காமல் இருந்ததில்லை. காகிதப் பொட்டலத்தில் எண்ணெய் ஊறும் அந்த வாசனை வந்துவிட்டால் எனக்கு அது புதன்கிழமை. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு வேலைக்குக் கிளம்பும்போது எனக்குப் பாட்டு வர ஆரம்பித்தது. என் கணவர் முதலில் பயந்துபோனார்.

குழு வருகிறது

ஜெயசீலன் சேற்றோடு வந்து நின்ற அந்தக் காலைக்குச் சற்று முன்னால்தான் எங்களுக்கு ஒரு செய்தி வந்திருந்தது. வெளியூரிலிருந்து மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது. நாலு துறைகளும் உண்மையாகவே சேர்ந்து வேலை செய்கின்றனவா என்று பார்ப்பார்கள். இல்லையென்று பட்டால் மையத்தைக் கலைத்துவிடுவார்கள். அறை தேர்வுப் பிரிவுக்குப் போகும். நாங்கள் அவரவர் துறைக்குத் திரும்ப வேண்டும்.

தேர்வுப் பிரிவிலிருந்து ஒருவர் அளவு நாடாவோடு வந்து ஜன்னல்களைக்கூட அளந்துவிட்டுப் போனார். திரும்பிப்போய் அந்த மின்விசிறிக்குப் பக்கத்தில் உட்காருவதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. வெளியில் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த அறையும் அந்த மூன்று பேரும் எனக்கு வேண்டும். வேறு எதையும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதாக நினைவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் புதுத் தவளை வந்தது. சென்னைக்கு நடுவே, பல்கலைக்கழகக் குளத்தில், இதுவரை யாரும் கேட்காத ஒரு தவளை. செய்தி துணைவேந்தர் வரை போய், குழுவுக்கான நிகழ்ச்சி நிரலின் உச்சியில் ஏறிவிட்டது. நான் அந்தக் குரலை வரைபடமாகப் போட்டேன். கோடுகள் சீப்புப் பற்கள் மாதிரி சமமாக நின்றன. இவ்வளவு ஒழுங்கு ஒரு தவளைக்கு ஆகுமா என்று மறுபடியும் கேட்டேன். வீட்டில் எதையும் நேரத்துக்குச் செய்யாத ஜெயசீலன், அந்தத் தவளைக்காக என்னோடு சண்டைக்கே வந்துவிட்டார்.

அவரவர் படக்காட்சி, அவரவர் அறிக்கை என்று ஆளாளுக்கு மூலையில் உட்கார்ந்து எழுதினோம். சேர்ந்து வேலை செய்கிறோம் என்று நிரூபிக்கிற மும்முரத்தில், சேர்ந்து உட்காரும் புதன்கிழமையை விட்டுவிட்டோம். ஒரு புதன் போயிற்று. அப்புறம் அடுத்ததும் போயிற்று. பீரோவின் மேல் கவிழ்த்து வைத்த டம்ளர்களில் தூசி படிந்தது.

பாதி சமோசா

குழு வருவதற்கு முந்தைய புதனன்று, சமோசா வாசனை திடீரென்று அறைக்குள் வந்தது. பர்வீன் பொட்டலத்தை மேஜையில் வைத்துவிட்டு, எல்லாரும் எழுந்து வந்து உட்காருங்கள் என்று கட்டளையிட்டாள். வெளியே தூறல். மேஜையின் குட்டைக் காலுக்கு யாரோ முட்டுக் கொடுத்தார்கள்.

அன்று ஜெயசீலனின் வேலையைச் சொல்ல வேண்டிய முறை கோமதிக்கு. அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஏதோ புதுத் தவளை என்று மட்டும் காதில் விழுந்ததாகச் சொன்னாள். டம்ளர் கழுவத் தயாராகப் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஜெயசீலன் பெருந்தன்மையாகச் சிரித்துவிட்டு, பதிவை ஸ்பீக்கரில் போட்டார்.

ப்பீ. இடைவெளி. ப்பீ.

கோமதி சமோசாவைக் கடித்தபடியே அசையாமல் நின்றாள். பாதி வாயில், பாதி கையில்.

"இது எங்கேர்ந்து எடுத்தது?"

குளக்கரைப் புங்கை மரத்தில் தான் கட்டிவைத்திருக்கும் ஒலிப்பதிவுப் பெட்டியிலிருந்து என்றார் ஜெயசீலன்.

"அந்தச் சாம்பல் கலர் பெட்டியா? அது உங்களோடதா? எஸ்டேட் ஆபீஸ் கேமரான்னு நினைச்சுண்டு நான் ஒவ்வொரு தடவையும் அதுக்கு முன்னாடி ஐடி கார்டைக் காட்டிட்டுன்னா போயிண்டிருக்கேன்."

யாரும் சிரிக்கவில்லை. அவள் முகம் அப்படி இருந்தது. மெதுவாகக் கீழே உட்கார்ந்தாள்.

"ஜெயசீலன், இது தவளை இல்லை. என்னோட சென்ஸார். நாணலுக்குள்ள குழாய்ல வச்சிருக்கேன். மழை பெஞ்சு தண்ணி கோட்டைத் தாண்டினா அது இப்படித்தான் கத்தும்."

நாணலுக்குள் ஒரு பிளாஸ்டிக் குழாய் நிற்பதை ஜெயசீலன் பார்த்திருக்கிறார். ஏதோ பழைய பைப், எடுக்காமல் விட்டுவிட்டார்கள் என்று நினைத்தாராம். மழை பெய்தால் தவளை கத்தும், மழை பெய்தால் சென்ஸாரும் கத்தும். கோமதி தண்ணீர் வடிந்த காலைகளில்தான் குளத்துக்குப் போவாள். அதனால் அது அங்கே கத்தி அவள் கேட்டதே இல்லை. ஒரே குளத்தைச் சுற்றி இரண்டு பேரும் மாதக் கணக்கில் நடந்திருக்கிறார்கள். இரண்டே இரண்டு புதன்கிழமை உட்கார்ந்து பேசியிருந்தால் போதும்.

நிகழ்ச்சி நிரலின் உச்சியில் இருந்த எங்கள் தவளை, பேட்டரியில் ஓடுகிற தவளை. நான் ஜன்னல்களைப் பார்த்தேன். அந்த அளவு நாடா என் கண் முன்னால் வந்து போனது.

ஜெயசீலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று நான் எழுந்தேன். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"காலைல எல்லாம் ஒரு பொம்பளக் குரல் பாடும் மேடம், பதிவுல. யாரோ வாக்கிங் போறாங்கன்னு நெனச்சுக்கினு, இடையூறுன்னு போட்டு வெட்டி வெட்டி எறிஞ்சேன்."

"என் காம்போதியை இடையூறுன்னா போட்டேள்?" என்றாள் கோமதி.

அதற்குப் பிறகு அடக்க முடியவில்லை. பர்வீன் மேஜையில் தலை கவிழ்ந்து சிரித்ததில் முட்டு நழுவி, காபி கொட்டி, என் வரைபடத்தின் மேலேயே ஓடியது. அப்படி ஒரு சிரிப்பு புள்ளியியல் துறையில் நான் கேட்டதே கிடையாது.

பர்வீன் கேட்ட கேள்வி

சிரித்து ஓய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்ட பர்வீன்தான் அதைக் கேட்டாள்.

"அது சென்ஸார்னு நமக்குத் தெரியும். தவளைங்களுக்குத் தெரியுமா?"

ஜெயசீலன் சிரிப்பதை நிறுத்தினார்.

பக்கத்து வீட்டுக்குப் புதிதாக ஒருவன் வந்து, நேரம் தவறாமல் கத்துகிறான். பழைய குடித்தனக்காரர்கள் என்ன செய்தார்கள்? அவள் கேட்டது அவ்வளவுதான். நான் காபி சொட்டும் வரைபடத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். அதுவரை நான் அந்தப் பீப் ஒலியை மட்டும்தான் பார்த்திருந்தேன். மற்ற தவளைகளின் குரலைப் பின்னணி என்று ஒதுக்கியிருந்தேன். இப்போது அவற்றைப் பார்த்தேன். மழை ஆரம்பத்தில் கன்னாபின்னாவென்று கிடந்த கோடுகள், நேரம் போகப் போக ஒவ்வொரு பீப்புக்கும் பின்னால் வந்து வரிசையாக நின்றன.

குடைகளை எடுத்துக்கொண்டு நாலு பேரும் குளத்துக்கு ஓடினோம். அந்தி மயங்கும் நேரம், மழை வலுத்திருந்தது. சென்ஸார் கத்திக்கொண்டிருந்தது. ப்பீ என்றதும் நாணலுக்குள்ளிருந்து ஒரு குட்டித் தவளை க்ரிக் என்றது. அடுத்த ப்பீ, அடுத்த க்ரிக். கோமதி செல்போனில் ஏதோ தட்டி சென்ஸாரின் வாயை அடைத்தாள். கொஞ்ச நேரம் க்ரிக் தயங்கித் தயங்கி வந்தது. அப்புறம் குளம் முழுக்க ஒரே சந்தைக்கடை. மறுபடி சென்ஸாரைப் போட்டாள். நாங்கள் குடைக்குள் ஒடுங்கிக் காத்திருந்தோம். ஒவ்வொரு குரலாக அடங்கி, பீப்புக்கு வழிவிட்டு, அதன் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது.

"பேசிக்கினு கீதுங்க மேடம்" என்றார் ஜெயசீலன், கோயிலில் பேசுகிற குரலில்.

என் புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் நனைந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

யாருடைய ஆராய்ச்சி

குழு வந்த அன்று வானம் மூட்டமாக இருந்தது. தலைவர் கோயம்புத்தூர்ப் பக்கத்து மனிதர். வெள்ளைச் சட்டை, பளபளவென்ற கறுப்பு ஷூ. சாயும் நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருந்தார். நாங்கள் நீட்டிய காபியை அவர் தொடவில்லை.

புதிய தவளை எங்கே என்று நேரே கேட்டார். ஜெயசீலன் எழுந்து, வானொலித் தமிழில், ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். அது தவளை அல்ல, என் சக பேராசிரியரின் கருவி, நான்தான் ஏமாந்தேன் என்று. பிறகு குளத்தில் நாங்கள் கேட்டதைச் சொன்னார். தலைவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை.

இது எந்தத் துறையின் ஆய்வு, யாருடையது என்று கேட்டார்.

ஜெயசீலன் கோமதியைப் பார்த்தார். கருவி என்னுடையது, கேள்வி பர்வீனுடையது என்றாள் கோமதி. கோடுகளைப் பார்த்தது மேடம்தான் என்று பர்வீன் என்னைக் காட்டினாள். தவளைகள் ஜெயசீலனுடையவை என்றேன் நான். தலைவர் எங்கள் நாலு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த நேரம் ஜன்னலுக்கு வெளியே மழை பிடித்துக்கொண்டது. மழை என்றால் எப்போதும் சாத்திவைக்கும் ஜன்னலை அன்று பர்வீன் திறந்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில், ப்பீ.

அவர் எழுந்துவிட்டார். நாங்கள் குடையோடு பின்னால் ஓடினோம். பளபள ஷூ நேராகச் சேற்றில் இறங்கியது. நாணல் ஓரத்தில் நின்று வெகுநேரம் கேட்டார். பிறகு கோமதியிடம் சென்ஸாரை நிறுத்தச் சொன்னார். குளத்தில் பழையபடி சந்தைக்கடை தொடங்கியது. தலைவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, உதட்டைக் குவித்து மெதுவாக விசில் அடித்தார். ஒன்றும் நடக்கவில்லை. அதே இடைவெளி விட்டு மறுபடி அடித்தார். மறுபடியும்.

க்ரிக், என்றது நாணல்.

அவர் எங்கள் பக்கம் திரும்பினார். காலையிலிருந்து நாங்கள் பார்த்த முகம் அது இல்லை.

"ஏனுங்க மேடம், நீங்கதான கணக்குப் பார்க்கறவங்க. அது எனக்குத்தான் பதில் சொல்லுச்சுங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். மூன்று பேரும் பின்னாலிருந்து, ஆமாம் என்று சொல்லித் தொலையேன் என்பது போல என்னையே பார்த்தார்கள். ஆனால் புள்ளியியல்காரிக்கு அந்தப் பாக்கியம் கிடையாது.

"ஒரு தடவை பதில் வந்ததை வச்சுச் சொல்ல முடியாது சார். நிறைய தடவை அடிச்சுப் பார்க்கணும். வேற வேற மழையில."

"எவ்வளவு நாளாகுங்க?"

"ஒரு மழைக்காலம் பத்தாது சார்."

அவர் குளத்தைப் பார்த்தார். திரும்பி, மழைத் திரைக்குப் பின்னால் தெரிந்த எங்கள் நாலு ஜன்னல்களைப் பார்த்தார்.

"அப்ப அந்த ரூமைப் பரீட்சைக்காரங்களுக்குக் கொடுக்க முடியாதுங்களே" என்றார். சொல்லிவிட்டு மறுபடியும் உதட்டைக் குவித்துக்கொண்டார்.

இது நடந்த பிறகு சில மழைக்காலங்கள் வந்து போய்விட்டன. அந்த அறையில்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மேஜைக்கு இன்னமும் முட்டுக் கொடுத்துத்தான் வைத்திருக்கிறோம்.

அன்று புங்கை மரத்துப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது என்பது எங்களுக்கு அப்புறம்தான் உறைத்தது. எல்லாம் அதில் இருக்கிறது. மழை, பெரிய மனிதரின் விசில், தவளையின் பதில், பத்தாது சார் என்கிற என் குரல், கடைசியில் கோமதி தன்னையறியாமல் ஆரம்பித்துவிட்ட காம்போதி. சில புதன்கிழமைகளில் சமோசா தீர்ந்ததும் அதைப் போட்டுக் கேட்போம். அந்தப் பதிவில் ஜெயசீலன் எதையும் இடையூறு என்று குறிக்கவில்லை.